இடித்தவன் ஒட்டவேண்டும்

நவம்பர் 5, ஞாயிறு

இன்று தாமோதரனைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பொள்ளாச்சியில் ஒரு மோட்டார் கம்பெனி முதலாளியை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலை இல்லை என்பதைச் சொல்ல அவருக்குக் காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. கிணத்துக்கடவு பக்கம் வண்டி பஞ்சர். தள்ளிக்கொண்டு வந்து, மனை விற்கிற ஒரு லேஅவுட்டின் வளைவுக்குக் கீழே நிழலுக்கு நின்றேன். உள்ளே தார் ரோடு, விளக்குக் கம்பம், வெள்ளையடித்த எல்லைக் கற்கள் எல்லாம் இருக்கின்றன. வீடு ஒன்றுகூட இல்லை. ரோட்டின் நடுவில் ஆறேழு பேர் அண்ணாந்து நின்றார்கள். மேலே சிவப்பு மூக்கு வைத்த ஒரு ஃபோம் விமானம். ரிமோட் அவன் கையில்.

தாமோதரன் எங்கள் பம்ப் கம்பெனியின் பிளாண்ட் ஹெட். எங்கள் என்று எழுதக் கூடாது. நான் இப்போது அங்கே இல்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைக்கச் சொன்னது அவன். சூடானால் உரசும், வேண்டாம் என்றது நான். குறைத்தார்கள். உரசியது. பம்புகள் லாரியில் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு மீட்டிங். அவன் கேமராவை அணைத்துவைத்திருந்தான். "டிசைன் சைடுல கவனக்குறைவு" என்று ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் வந்தது. மறுநாள் என் அடையாள அட்டை கேட்டில் வேலை செய்யவில்லை. இப்போது எங்கே போனாலும் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதில்லை.

விமானம் இறங்கியதும் அவன் ரோட்டில் முழங்கால் போட்டு, சக்கரத்தில் சிக்கிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்தான். புல்லுக்கு அவனிடம் நேரம் இருக்கிறது.

அதை உடைக்கப்போகிறேன். கல்லால் அடித்தால் நான் ரௌடி. காற்றில் என் விமானத்தால் அடித்தால் அது விபத்து. முதலில் பறக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஒரு தெர்மகோல் பலகையை மேலே ஏற்றுவது என்ன பெரிய வித்தையா?

நவம்பர் 8, புதன்

பழைய ரிமோட், மோட்டார், பேட்டரி எல்லாம் ஒருவனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தெர்மகோலை வெட்டி இறக்கை செய்தேன். அளவுகள் கச்சிதம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். ஒட்டிய இடமெல்லாம் புஸ்ஸென்று உள்ளே கரைந்து போனது.

அறையில் கூட இருப்பவன் கனகு, ஃபவுண்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறவன். எழுந்து வந்து பார்த்தான்.

"ஏன்டா, எலி தின்ன புட்டு மாதிரி இருக்குது?"

"க்ளூ தெர்மகோலைக் கரைச்சுருச்சு."

"நாலு வருசம் காலேஜுல இதச் சொல்லித் தரலியா?"

"மூடிட்டுத் தூங்கு."

பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்ததே தவிர வெட்கம் வரவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் 15, புதன்

வார நாளில் லேஅவுட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று போனேன். ஏற்றினேன். நன்றாகவே ஏறியது. என்னை விட்டுத் தூரப் போகும்வரை எல்லாம் சரி. திரும்பி என்னை நோக்கி வந்தபோது இடது பக்கம் சாய்க்க நினைத்தேன், அது வலது பக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. எல்லைக் கல்லில் மூக்கு.

பின்னாலிருந்து குரல்.

"எதுக்க வரும்போது எல்லாம் மாறித்தான் தெரியும், தம்பி. எந்த ரெக்கை தாழுதோ அந்தப் பக்கமா ஸ்டிக்கத் தள்ளுங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க."

தாமோதரன். முழுக்கைச் சட்டை, ஷூ, கையில் டிபன் கேரியர். பழைய ஸ்கூட்டரில் வந்திருந்தான். கார் சர்வீஸுக்குப் போயிருக்கும்.

"புதுசா? பேரென்ன?"

"துளசிதரன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மேடையில் கூப்பிட்டு, சிறந்த யோசனை என்று எனக்குக் கை கொடுத்தவன். அவன் குனிந்து என் விமானத்தை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தான்.

"வெயிட் எல்லாம் பின்னால இருக்குதுங்க துளசி. பேட்டரியக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க."

அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் பிளாண்ட் ஹெட்டுக்கு இங்கே என்ன வேலை? எனக்கென்ன.

பேட்டரியை முன்னால் தள்ளினேன். அவன் சொன்னதற்காக இல்லை, கணக்கும் அப்படித்தான் வருகிறது.

நவம்பர் 19, ஞாயிறு

கிளப்பில் சேர்ந்தேன். கிளப் என்றால் ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நிழற்குடை, ஒரு தண்ணீர் கேன். தலைவர், செயலாளர், காவலாளி எல்லாம் ஷாஜகான் பாய். உக்கடத்தில் மெத்தை, சோபா குஷன் கடை வைத்திருக்கிறார். மீந்த ஃபோமைக் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு போடுவார்.

"தம்பி, ஊர்ல எல்லாரும் என் ஃபோம்ல உக்காருவாங்க. இவனுங்கதான் பறக்க விடுவானுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நூறு முறை கேட்ட ஜோக்குக்கு எப்படிச் சிரிக்கிறார்களோ.

தாமோதரன் மூன்று லூப் போட்டான். உயரத்திலிருந்து மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்து, இழுத்து, வட்டம். எப்போதும் முடிவில் அதைத்தான் போடுவானாம். இழுக்கும்போது இறக்கை இரண்டும் மேல்நோக்கி வளைகின்றன. நான் அதைத்தான் கவனித்தேன்.

நவம்பர் 24, வெள்ளி

மழை. போனமுறை நசுங்கிய மூக்கைச் சரி செய்தேன். இது பாய் கொடுத்த நல்ல ஃபோமில் செய்த இரண்டாவது விமானம். ஆவி காட்டினால் நசுங்கியது உப்பி வந்துவிடும். கனகுவின் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து மூக்கைக் காட்டினேன். உப்பியது. உள்ளதை ஒத்துக்கொள்கிறேன், பார்க்க நன்றாக இருந்தது.

கனகு வந்து மோந்து பார்த்தான்.

"இதுல நாளைக்கு நான் இட்லி ஊத்தணுமா?"

"கழுவிட்டேன்."

"வேல தேடப் போடான்னா ஏரோப்ளேனுக்கு ஒத்தடம் குடுத்துட்டு உக்காந்திருக்கான். அந்தாளு உன்ன வேலய விட்டுத்தான் தூக்குனான். நீ பைத்தியத்துக்கே போயிட்ட."

அவனுக்கு நாளை ஷிஃப்ட் இருக்கிறது, பேசலாம்.

நவம்பர் 29, புதன்

ஒரு சுற்று முழுதாக. இறக்கியும் விட்டேன்.

இன்னும் மூன்று முறை ஏற்றினேன். தேவை இருக்கவில்லை. பேட்டரி இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

எதிர்க்காற்றில் இறக்கினேன், ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேலேயே. நான்கு மயில்கள் நடுவில் குறுக்கே போயின, அவற்றுக்கு மேலே ஒருமுறை தூக்கி, மறுபடி இறக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

"ஒரு மாசத்துல இப்படி எறக்கறவன நான் பாத்ததில்லீங்க பாய். இவனுக்குக் கைல இருக்குது" என்றான் பாயிடம். என் காதில் விழட்டும் என்றே சொன்னான்.

இரண்டரை வருடம் அவன் கீழே வேலை பார்த்தேன். மேடையில் கை கொடுத்ததோடு சரி, ஒருநாள்கூட இப்படிச் சொன்னதில்லை. இப்போது எனக்கு இது வேண்டாம்.

டிசம்பர் 7, வியாழன்

துரத்தப் பழகுகிறேன். கம்பத்தின் உச்சியில் ஒரு கிழிந்த விளம்பரத் துணி ஆடுகிறது. அதன் நுனியை இறக்கையால் தொட்டுவிட்டு வரவேண்டும். பகலெல்லாம் அதையே செய்தேன். இன்று தொட்டேன்.

தாமோதரன் நிழற்குடையில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எலுமிச்சை சாதம். "வாங்க துளசி, ஒரு வாய்" என்றான். பசியில்லை என்றேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

அவன் லூப் முடித்து நிமிர்ந்த நேரம். நான் வெயிலின் பக்கத்திலிருந்து வந்தேன். அவனால் பார்த்திருக்க முடியாது. என் மூக்கு அவன் வலது இறக்கையில், அது உடலோடு சேரும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. சத்தம் பெரிதாக இல்லை, அப்பளம் உடைகிற மாதிரிதான். இரண்டும் விழுந்தன. என்னுடையது இரண்டு துண்டு. அவனுடையது மூக்கு நசுங்கி, இறக்கைக்குள் ஓடுகிற கார்பன் குழாய் முறிந்து, வால் ஒருபக்கம் தொங்கி.

எல்லாரும் ஓடினார்கள். நான் நடந்தேன். அவன் சொல்லப்போவதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். கத்தவேண்டும். "குருடா" என்று சொல்லவேண்டும். சொன்னால் அங்கேயே நான் யார் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

"என் தப்புங்க பாய்" என்றான் தாமோதரன். "நான்தான் பாக்காம அவன் லைன்ல குறுக்க வந்துட்டேன். துளசி, உங்களுது ரொம்பப் போயிருச்சா?"

எது இவன் தப்போ அதை அடுத்தவன் தலையில் வைத்தான். எது இவன் தப்பில்லையோ அதை வாரித் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்.

பாய் உடைந்ததைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

"யார் தப்புன்னு இங்க பஞ்சாயத்து கிடையாது தம்பி. பின்னால வந்து மோதுனது உங்களுது. இந்தக் கிரவுண்டுல ஒரே சட்டம்தான். இடிச்சவன் ஒட்டணும். ஒட்டுனவன்தான் மொதல்ல ஏத்தணும். ஒரு ரவுண்டு அடிச்சு, மேலயே வெச்சு சொந்தக்காரன் கைல ரிமோட்டக் குடுக்கணும். அப்பத்தான் ஒழுங்கா ஒட்டுவான்."

"பாய், பையன் பாவம், நானே ஒட்டிக்கறேன்" என்றான் அவன்.

"நீங்க ஒட்டுனா அது குஷன் மாதிரி இருக்கும் சார். கம்முனு இருங்க."

ஆக, தாமோதரனின் விமானம் இப்போது என் கட்டிலின் மேல் கிடக்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

பிரித்தேன். உள்ளே பழைய ஒட்டு வேலைகள். சகிக்கவில்லை. பசை கட்டி கட்டியாக. நூறு கிராம் வீண் எடை. வால் கோணலாக ஒட்டியிருக்கிறான், அதைச் சமாளிக்க ரிமோட்டில் ஒருபக்கம் இழுத்துவைத்துப் பறந்திருக்கிறான். இத்தனை நாள் கோணல் விமானத்தில் லூப் போட்டிருக்கிறான். எப்படிப் போட்டான் என்று தெரியவில்லை.

பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். வாலை மட்டம் வைத்து நேராக்கினேன். மூக்கை ஆவியில் காட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு அடித்தேன். அவனுக்காக இல்லை. கோணல் வேலையைக் கோணலாகவே விட்டு என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இறக்கை பாக்கி.

டிசம்பர் 13, புதன்

முறிந்த குழாய்க்குள் சொருக ஒரு மெல்லிய கார்பன் கம்பி வேண்டியிருந்தது. பாய் கடைக்குப் போனேன். கம்பி இருந்தது. டீயும் வந்தது. பாயோடு பேச்சும் வந்தது.

"நல்லா ஒட்டிக் குடுத்துருங்க தம்பி. அந்த மனுசனுக்கு இப்ப அது ஒண்ணுதான்."

"யாருக்கு?"

"தாமோதரன் சாருக்குத்தான். தீபாவளிக்கு முன்னாடியே கம்பெனில போகச் சொல்லிட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல. காலைல சாப்பாட்டக் கட்டிட்டு டூட்டிக்குன்னு கெளம்பி நேரா கிரவுண்டுக்கு வந்துடறாரு. சாயங்காலம் வீட்டுக்கு. எத்தன நாளைக்கு ஓடும், சொல்லுங்க."

"பண்ணதுக்கு அனுபவிக்கறாரு" என்றேன்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு அவர முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

அவன் வீட்டில் சொல்லாமல் திரிவதும் நான் அம்மாவிடம் சொல்லாததும் ஒன்றில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை. அது வேறு.

இதை எழுதியிருக்கவே வேண்டாம். இதனால் எதுவும் மாறவில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

இறக்கை வேலை.

முறையாகச் செய்வதென்றால் கம்பியில் எபாக்ஸிப் பசை தடவி, முறிந்த குழாயின் இரண்டு பக்கமும் சொருகி, நேராகப் பிடித்து உலரவைக்கவேண்டும். பிறகு ஃபோமை மூடி, டேப் சுற்றவேண்டும்.

கம்பியை அரை நீளத்துக்கு வெட்டினேன். எபாக்ஸி போடாமல் சொருகினேன். ஃபோமை மூடினேன். டேப்பை அழகாகச் சுற்றினேன். தட்டிப் பார்த்தால் தெரியாது. தூக்கிப் பார்த்தால் தெரியாது. நேராகப் பறந்தால் தாங்கும், மெதுவாகத் திரும்பினால் தாங்கும். லூப்பில் இழுத்தால் மடியும்.

நான் ஒரு சுற்று அடித்துவிட்டு மேலேயே ரிமோட்டைக் கொடுப்பேன். அவன் உயரம் ஏற்றுவான், மூக்கைத் தாழ்த்துவான், இழுப்பான். அவன் கையில் மடியும். எல்லாரும் பார்ப்பார்கள். ஓட்டியவன் தப்பு என்பார்கள். அவனே சொல்வான், என் தப்பு என்று.

செய்தது ஒருத்தன், பெயர் கெடுவது இன்னொருத்தனுக்கு. எனக்கு நடந்தது அவனுக்கு நடக்கும். கணக்கு நேர்.

கனகு கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"பசை போட மறந்துட்டியாட்ட இருக்குது?"

"நீ டியூட்டிக்குப் போ."

"நான் ஃபவுண்டரிக்காரன்டா. உள்ள ஓட்ட விட்டு மேல பாலிஷ் போட்டா எங்க ஊர்ல என்ன பேர் தெரியுமா?"

"என்ன பேர்?"

சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

டிசம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நான் போட்ட கணக்கில் இவ்வளவு காற்று இல்லை. மனை பார்க்க ஒரு வேனில் குடும்பம் வந்திருந்தது. சிவப்புச் சேலை கட்டிய ஒரு அம்மா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் விமானத்தை வாங்கிப் பார்த்தான். வாலைப் பார்த்தான். மூக்கைத் தடவினான். பிறகு பாயிடம் காட்டினான்.

"பாருங்க பாய். வால் நேரா இருக்குது! நாலு வருசமா எனக்கு வரலீங்க இது."

"தம்பி கம்பெனி ஃபினிஷிங்ல குடுத்திருக்காரு" என்றார் பாய். "சார், இனி உங்க பொழப்பு லேசு. ரிமோட்ட இழுத்துப் புடிக்க வேண்டாம்."

அவன் என் தோளில் கை வைத்தான். நகர்ந்துகொண்டேன்.

ஏற்றினேன். கை தெரிந்துகொண்டது முதலில், வலது இறக்கை எடையைச் சரியாக வாங்கவில்லை. ஒவ்வொரு காற்று மோதலுக்கும் அதன் நுனி கொஞ்சம் கூடுதலாக மேலே போய் வந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. திருப்பத்தில் சாய்க்காமல், வாலால் மட்டும் தள்ளித் தள்ளி அகலமாகத் திருப்பினேன். வியர்த்தது. இவ்வளவு கவனமாக நான் என் விமானத்தைக்கூட ஓட்டியதில்லை.

"என்ன தம்பி, மாட்டு வண்டி ஓட்டறீங்க?" யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள்.

ஒரு சுற்று முடிந்தது. ரிமோட்டைத் தாமோதரன் கையில் கொடுத்தேன். விரல் நுனிகூட அவன் மேல் படாமல் கொடுத்தேன்.

ஏற்றினான். நேரான விமானம் எப்படிப் போகும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. "அட" என்றான், தனக்குத்தானே. "அட, அட" என்றான். வாயைத் திறந்து மேலே பார்த்தபடி நின்றான். கழுத்தில் சவரம் செய்யாத நரை. இன்னும் ஏற்றினான். பிறகு மூக்கைத் தாழ்த்தினான்.

"சார், இழுக்காதீங்க."

"ஆங்?"

"லூப் வேண்டாம். குழாய் ஒட்டலை. இழுத்தா மடிஞ்சுரும்."

அவன் மெதுவாக மூக்கை நிமிர்த்தினான். மிக மெதுவாக. அந்தக் கை அதைச் செய்த விதம், வேறு ஒருவன் என்றால் பதறி இழுத்திருப்பான். அங்கேயே முடிந்திருக்கும். விமானம் மட்டமாக நின்றதும் ரிமோட்டை என் நெஞ்சில் தள்ளினான்.

"நீ ஏத்துனத நீயே எறக்கு."

முதல் தடவையாக என்னை நீ என்றான்.

இறக்கினேன். எதிர்க்காற்றில், வேகமே இல்லாமல், ரோட்டின் மேல் வைத்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் வலது இறக்கை தளர்ந்து தொங்கியது.

பாய் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். டேப்பைக் கிழித்தார். கம்பி தானாக உருவிக்கொண்டு கீழே விழுந்தது, சுத்தமாக, ஒரு சொட்டுப் பசை இல்லாமல்.

"மறந்துட்டீங்களா தம்பி?" என்றார் பாய். ஆம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"மறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன். போன வாரம் இடிச்சதும் தெரிஞ்சேதான்."

"அட நாசமாப் போறவனே! கீழ மனுசன் நடமாடற எடம்டா இது!"

தாமோதரன் குனிந்து அந்தக் கம்பியை எடுத்தான். "எதுக்கு?" என்றான்.

இதற்காகத்தான் இத்தனை நாள். வாக்கியம் வாக்கியமாகத் தயாராக வைத்திருந்தேன். சாலையில், குளியலறையில், தூக்கம் வராதபோதெல்லாம் சொல்லிப் பார்த்தது.

"நான் துளசிதரன். டிசைன். உங்க கீழ இரண்டரை வருஷம். இம்பெல்லர் கேப்பைக் குறைக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க குறைச்சீங்க. என்னை அனுப்பிட்டீங்க."

அவன் என் முகத்தைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். கண்ணைச் சுருக்கி, நெற்றியைச் சுருக்கி, எங்கெங்கோ தேடினான். நடிக்கவில்லை. நடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்த இம்பெல்லர்?" என்றான். "அந்த மாசம் நெறய பேர் போனாங்க."



பாய் என் பையைத் தூக்கி என் காலடியில் போட்டார். "கெளம்பு. இந்தப் பக்கம் இனி உன் வண்டி வரக் கூடாது. பேரக் குரூப்ல இருந்து எடுத்தாச்சு."

"இருங்க பாய்" என்றான் தாமோதரன். "இடிச்சவன் ஒட்டணும். ஒட்டிட்டுப் போகட்டும்."

"சார், உங்களுக்குப் பைத்தியமா? மறுபடியும் இவன் கைலயா?"

"நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். இந்தத் தடவ பாக்கறேன்."

ரோட்டில் உட்கார்ந்தேன். ஃபோமைப் பிளந்து குழாயை வெளியே எடுத்தேன். பாயிடம் முழு நீளக் கம்பி ஒன்று வாங்கினேன். அவர் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தார். எபாக்ஸியின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, ஒரு பழைய அட்டையில் குழைத்தேன். கம்பியில் தடவினேன். ஒரு பக்கம் சொருகினேன். மறுபக்கம் சொருகினேன். இனி அது உலரும்வரை நேராகப் பிடித்திருக்கவேண்டும். ஒரு ஆள் போதாது. இறக்கை நீளம் அப்படி.

பாயைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்கள் நிழற்குடைக்குப் போய்விட்டார்கள்.

தாமோதரன் என் எதிரில் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இறக்கையின் மறு நுனியைப் பிடித்தான்.

லூப் வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்றால், அந்தச் சிவப்புச் சேலைக்கார அம்மா கீழே இருந்தார். விழுந்தால் தலையில் விழும். வேன் அதற்கு முன்பே வளைவைத் தாண்டிப் போய்விட்டது என்று பாய் பிறகு சொன்னார். நான் கவனிக்கவில்லை.

ஐந்து நிமிட எபாக்ஸி என்று டியூபில் போட்டிருக்கும். குளிர்காற்றில் அது அப்படி ஆகாது. ஒரு இறக்கை நீளத்தில் அவன் முகம். வேறு எங்கும் பார்க்க முடியாது, பார்வை நகர்ந்தால் கை நகரும். அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைக் கொல்லலாமா என்று யோசிக்கிறவன் மாதிரியும் இருந்தது, பஸ் நம்பர் மறந்தவன் மாதிரியும் இருந்தது.

"கேஸ்டிங் செக்ஷன் ஒட்டி, கண்ணாடி ரூம்ல உக்காருவியா?" என்றான்.

"இல்ல."

"மாடில?"

"இல்ல."

"மீசை வெச்சிருந்தியா அப்ப?"

"இல்ல."

காற்று ஒருமுறை பலமாக அடித்தது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, ஏதோ பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறான், எதுவும் என்னுடையது இல்லை. ஆயுத பூஜை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவேளை ஞாபகம் வரும். நான் சொல்லவில்லை.

"என்ன பேர் சொன்ன?" என்றான். அவன் பிடித்திருந்த நுனி லேசாகத் தாழ்ந்தது.

"கைய ஆட்டாதீங்க" என்றேன்.